"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க!" - டாக்டர் கைவிரித்த பிறகும் கிடைக்கும் ஒரு சிகிச்சை

"இனிமே எங்களால பண்றதுக்கு எதுவும் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பார்த்துக்கோங்க."

2022-ல் என் தாத்தாவின் ஃபைலை மூடிவைத்துவிட்டு ஒரு டாக்டர் என் அப்பாவிடம் சொன்னது இது. அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கன்னத்தில் தொடங்கிய புற்றுநோய் கழுத்து வரை இறங்கியிருந்தது. முசிறிப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த தாத்தா, ஐம்பது வருஷமாக வெற்றிலையோடு புகையிலையையும் சேர்த்தே மென்றவர். அறுவை சிகிச்சையை அவர் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னதில் பொய் இல்லை.

ஆனால், 'நல்லாப் பார்த்துக்கோங்க' என்றாரே, அதை எப்படிச் செய்வது என்று யாருமே சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு சத்து டானிக்கும் பாராசிட்டமால் மாத்திரையும் இருந்தன. அவ்வளவுதான்.

அடுத்த 22 நாள் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் கெட்டுவிடும். ராத்திரி முழுக்கத் தாத்தா அனத்துவார். கன்னத்துப் புண்ணில் இருந்து வந்த வாடை வாசல் வரை அடித்தது. ஊதுபத்தி ஏற்றினோம், சாம்பிராணி போட்டோம். எதற்கும் அடங்கவில்லை. எட்டிப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்தாமல் இருக்கப் படாதபாடு பட்டார்கள். அது தாத்தாவுக்குப் புரிந்துவிட்டது. ஒருநாள் அவரே கட்டிலைத் தூக்கச் சொல்லி, மாட்டுக்கொட்டகையை ஒட்டியிருந்த சாய்ப்புக்குப் போய்விட்டார்.

நான் அப்போது சென்னையில் ஜர்னலிசம் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். என் பங்குக்கு என்ன செய்தேன் தெரியுமா? ஹாஸ்டலில் உட்கார்ந்து யூடியூபில் தேடி, '48 நாளில் கேன்சர் கரையும்' என்ற ஒரு பொடியை 4,800 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன். அதைக் கரைத்துக் கொடுத்ததில் தாத்தாவுக்குப் புண் இன்னும் எரிந்ததுதான் மிச்சம்.

பத்து விரல்

எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு மாசாமாசம் பிரஷர் மாத்திரை கொடுக்க, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர் அக்கா ஒருவர் வருவார். அந்த மாதம் வந்தவர், அனத்தல் கேட்டு எங்கள் வாசலில் நின்றுவிட்டார். "ஏங்க்கா, இவ்ளோ நாளா ஏன் சொல்லல? இதுக்குன்னே நர்ஸ் இருக்காங்களே" என்று அம்மாவைக் கடிந்துகொண்டார். இரண்டு நாளில் ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்தார்.

வந்தவர் ஃபைலைக் கேட்கவில்லை. நேராகச் சாய்ப்புக்குப் போய்த் தாத்தாவின் கட்டிலிலேயே உட்கார்ந்தார். மூக்கைச் சுளிக்கவில்லை.

"தாத்தா, வலி இல்லன்னா ஒரு விரலும் காட்ட வேணாம். தாங்கவே முடியலன்னா பத்து விரலையும் காட்டுங்க. இப்போ எவ்ளோ இருக்கு?"

தாத்தா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பத்து. அம்மா அழுதுவிட்டதாகச் சொன்னார். அத்தனை நாளில் நாங்கள் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

நர்ஸ் செய்த இன்னொரு காரியம், புண்ணைக் கழுவிக் கட்டியது. மெட்ரோனிடசோல் என்கிற மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொல்லிக்கொடுத்தார். வாடைக்குக் காரணம் புண்ணில் வளரும் ஒருவகை பாக்டீரியா. அதை அடக்கினால் வாடையும் அடங்கும். விலை மலிவான, சாதாரண மாத்திரை அது. நான்கைந்து நாளில் வாடை பாதிக்கு மேல் குறைந்தது. தாத்தாவின் கட்டில் மறுபடியும் கூடத்துக்கு வந்தது. (இதை நீங்களாகவே செய்துபார்க்க வேண்டாம். புண்ணைப் பார்த்துவிட்டு நர்ஸோ டாக்டரோதான் சொல்ல வேண்டும்.)

வலிக்கு, அரசு மருத்துவமனை டாக்டர் மார்ஃபின் எழுதினார். அங்கேதான் எங்கள் வீட்டில் பெரிய சண்டையே வெடித்தது.

"அது போதை மருந்தாச்சே!"

சித்தப்பா ஒரே பிடியாக நின்றார். "அது போதை மருந்து. பழக்கமாயிடும். அதைக் கொடுத்தா ஆளு சீக்கிரம் போயிடுவாரு." கிட்டத்தட்ட எல்லா வீடுகளிலும் இந்தப் பயம் இருக்கிறது. டாக்டர்கள் சிலரிடமும் இருக்கிறது.

விஷயம் இதுதான். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் வாய்வழி மார்ஃபின் எடுத்துக்கொள்பவர்கள் அதற்கு அடிமையாவது அபூர்வம். குறைந்த அளவில் ஆரம்பித்து, வலி அடங்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம், பிறகு சரியாகிவிடும். சரியாகாத ஒரே தொல்லை மலச்சிக்கல். அதனால் மார்ஃபின் எழுதும்போதே மலமிளக்கியும் சேர்த்து எழுதுவார்கள். அதை விட்டுவிட்டு மார்ஃபினை மட்டும் கொடுத்தால், வலி போய் வயிறு கல்லாகிவிடும்.

முக்கியமானது, நேரம். வலி வந்த பிறகு மாத்திரை தேடக் கூடாது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம். எனவே, கடிகாரம் பார்த்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். வாய்வழியாக, மணிப்படி, வலியின் அளவுக்கு ஏற்பப் படிப்படியாக என்ற இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொல்லிவிட்டது. தாத்தாவால் விழுங்க முடியாது என்பதால், மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, மூக்குவழிக் குழாயில் கொடுத்தோம். ஒரு வாரத்தில் தாத்தா காட்டிய விரல்கள் மூன்று.

இந்த மருந்து கிடைக்காமல் போனதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால், ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கி வைக்க வேண்டும் என்றால், வெவ்வேறு துறைகளில் பல லைசென்ஸ்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காலாவதி தேதி என்று ஆனது. 'எதுக்கு வம்பு' என்று மருத்துவமனைகள் மார்ஃபினையே விட்டுவிட்டன. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில், இந்தியாவில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் 90 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. மத்தியப்பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசத்தில் அரசு அனுமதியோடு கசகசாச் செடி வளர்த்து, அபினியை வெளிநாட்டு மருந்து கம்பெனிகளுக்கு ஏற்றுமதி செய்த அதே நாட்டில்தான் இது நடந்தது.

2014-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளுக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி ஒன்று போதும். இந்த மாற்றத்துக்காகப் பல ஆண்டுகள் போராடியவர்களில் முக்கியமானவர், திருவனந்தபுரத்தில் 'பாலியம் இந்தியா' அமைப்பைத் தொடங்கிய டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால். மயக்க மருந்து நிபுணரான இவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சட்டம் மாறிவிட்டது. பயம் மாறவில்லை. எங்கள் சித்தப்பாவை மாற்றியது சட்டமும் இல்லை, நர்ஸின் விளக்கமும் இல்லை. மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் நாள் ராத்திரி தாத்தா விடியும் வரை தூங்கினார். சித்தப்பா அவர் மூச்சு வருகிறதா என்று நாலு தடவை எழுந்துபோய்ப் பார்த்தார். காலையில் தாத்தா கண் விழித்து, வானொலிப் பெட்டியைக் கைகாட்டினார். அதோடு சித்தப்பாவின் சண்டை முடிந்தது.

ஹாஸ்பிஸ் வேறு, பேலியேட்டிவ் கேர் வேறா?

அந்த நர்ஸ் கொடுத்த சிகிச்சைக்குப் பெயர் பேலியேட்டிவ் கேர். தமிழில் நோய்த்தணிப்புச் சிகிச்சை, வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை என்கிறார்கள். நோயைக் குணமாக்குவது இதன் வேலை இல்லை. நோய் தரும் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, புண், பயம், வீட்டின் திண்டாட்டம் இவற்றைக் கவனிப்பது இதன் வேலை.

கடைசி நாள்களில்தான் இதைத் தேட வேண்டும் என்று நினைப்பது தப்பு. கீமோ நடக்கும்போதே இதையும் சேர்த்துப் பெறலாம். புற்றுநோய்க்கு மட்டும் என்பதும் இல்லை. சிறுநீரகச் செயலிழப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் நோய், மறதிநோய் என எல்லாவற்றுக்கும் உண்டு. குழந்தைகளுக்கும் உண்டு. ஹாஸ்பிஸ் என்பது இதில் ஒரு பகுதி. ஆயுள் இன்னும் சில மாதங்களோ வாரங்களோதான் என்ற நிலையில் தரப்படும் பராமரிப்பும், அதற்கான இல்லமும்தான் ஹாஸ்பிஸ்.

நவீன ஹாஸ்பிஸுக்கு வித்திட்டவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக இருந்து, பிறகு மருத்துவ சமூகப் பணியாளராகி, அதற்கும் பிறகு டாக்டருக்குப் படித்தவர். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் உறவிலும் பணத்திலும் நம்பிக்கையிலும் இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. இந்தியாவில் முதல் ஹாஸ்பிஸ் 1986-ல் மும்பையில் வந்தது, சாந்தி அவேதனா. சென்னை மாத்தூரில் இருக்கும் ஜீவோதயா, முற்றிய புற்றுநோயாளிகளை இலவசமாகப் பார்த்துக்கொள்கிறது.

ஆனால், எல்லோருக்கும் இல்லம் கட்டி மாளாது. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் கேட்பதும் 'என் வீட்டுல, என் கட்டில்ல' என்பதைத்தான். இதற்கு வழி காட்டியது கேரளா. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் உள்ளிட்டவர்கள் தொடங்கிய சிறிய வலி நிவாரண அமைப்பு, கொஞ்ச வருடங்களில் தெருவுக்கு வந்தது. மலப்புரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கடைக்காரர்கள், ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள் பயிற்சி எடுத்துக்கொண்டு, தங்கள் பகுதியில் படுக்கையில் இருப்பவர்களை வாராவாரம் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்கள். செலவுக்கு ஊர்க்காரர்களின் சின்னச் சின்ன நன்கொடைகள். 2008-ல் இந்தியாவிலேயே முதல் மாநிலமாக இதற்கென்று ஒரு கொள்கையைக் கேரள அரசு அறிவித்தது.

தமிழ்நாட்டில், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் இருக்கின்றன. சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லோருக்கும் தெரிகிறது. இது இருப்பது பலருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியாது.

உலக அளவிலும் நிலைமை சுமார்தான். ஆண்டுதோறும் சுமார் 5.68 கோடிப் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது, கிடைப்பது சுமார் 14 சதவிகிதம் பேருக்கு மட்டுமே என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"அல்சர்னுதான் சொல்லியிருக்கோம்"

நர்ஸின் இரண்டாவது விசிட்டில், அப்பா அவரை வாசலிலேயே மறித்து ரகசியமாகச் சொன்னாராம்: "சிஸ்டர், அப்பாவுக்கு விஷயம் தெரியாது. வாய்ப்புண்ணு, அல்சர்னுதான் சொல்லியிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

நர்ஸ் மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. கட்டை மாற்றிவிட்டுத் தாத்தாவிடம், "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க தாத்தா?" என்று மட்டும் கேட்டார்.

தாத்தாவுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. வாய் குழறினாலும் நிதானமாகச் சொன்னார். இரும்புப் பெட்டியில் பத்திரம் இருப்பது, கொடிக்கால் குத்தகை பாக்கி, ஆத்தோரத்து நிலம் சின்னவனுக்கு என்பது, எல்லாவற்றையும். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று அவர் மறைத்திருக்கிறார். அவர் பயந்துவிடுவார் என்று பிள்ளைகள் மறைத்திருக்கிறார்கள்.

"இன்னும் எத்தனை நாளும்மா?"

"அந்தக் கணக்கு எங்க யாருக்கும் தெரியாது தாத்தா. ஆனா, உங்களை வலியோட விட மாட்டோம்."

எல்லா நோயாளிகளும் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விரும்புவதில்லை என்பதும் உண்மைதான். அதனால்தான் முதலில் அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்கிறார்கள். அவர் கேட்கும் அளவுக்கு, அவர் கேட்கும் வேகத்தில் சொல்கிறார்கள்.

இதோடு சேர்ந்த ஒன்று. குணமாக வாய்ப்பில்லாத கட்டத்தில் வென்டிலேட்டர் போன்றவை எனக்கு வேண்டாம் என்று, சுயநினைவோடு இருக்கும்போதே எழுதிவைக்க உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. நடைமுறை சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் எழுதினால் போதும். இது கருணைக்கொலை இல்லை. யாருடைய ஆயுளையும் குறைப்பது பேலியேட்டிவ் கேரின் வேலையும் இல்லை.

சோறும் தண்ணியும்

வீட்டில் இருப்பவர்களை அதிகம் வதைப்பது சாப்பாடுதான். "ரெண்டு வாய் கஞ்சி இறங்கினா தெம்பா இருப்பாருல்ல?" என்பார் அம்மா. கடைசி வாரங்களில் உடம்புக்கே உணவு தேவைப்படாமல் போய்விடும், செரிக்கவும் செரிக்காது. கட்டாயப்படுத்திப் புகட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். சாப்பிடாததால் அவர் சாகவில்லை, நோய் முற்றியதால்தான் சாப்பிட முடியவில்லை என்று நர்ஸ் மூன்று தடவையாவது சொன்ன பிறகே அம்மாவின் குற்ற உணர்ச்சி கொஞ்சம் குறைந்தது.

வாய் காயாமல் பார்ப்பதுதான் அப்போது முக்கியம். பஞ்சை நனைத்து உதட்டையும் நாக்கையும் துடைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். "தண்ணியிலதான் நனைக்கணுமா சிஸ்டர்?" என்று அம்மா கேட்டார். தாத்தாவுக்கு உசுரே காபிதான். அதற்கப்புறம் தினமும் காலை ஆறு மணிக்குப் பஞ்சில் காபி.

படுக்கைப்புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். காற்றுப் படுக்கை போட்டாலும் புரட்டத்தான் வேண்டும். படுக்கை வந்துவிட்டதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது, ஈரம் இருக்கக் கூடாது. சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கவும் கூடாது.

இதையெல்லாம் செய்தது யார்? அம்மா. மருமகள். எல்லா வீடுகளிலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன், மகன்கள் மருந்து வாங்கப் போவார்கள், மகளோ மனைவியோ மருமகளோ ராத்திரி விழித்திருப்பார்கள். மூன்றாவது விசிட்டில் நர்ஸ், "அக்கா, நீங்க கடைசியா எப்போ ஆறு மணி நேரம் தூங்குனீங்க?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கே அப்பாவையும் சித்தப்பாவையும் கூப்பிட்டு உட்காரவைத்து, குழாயில் கஞ்சி ஊற்ற, டயப்பர் மாற்ற, புரட்டிப் போட சொல்லிக்கொடுத்து, ராத்திரி முறை போட்டுக் கொடுத்தார். அதைக் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி ஒட்டியிருந்தோம். செவ்வாய், வியாழன் அப்பா. சனி, ஞாயிறு சித்தப்பா. மிச்சம் அம்மா. ஆமாம், அப்போதும் அம்மாவுக்கு ஒருநாள் கூடுதல்தான்.

எங்கே கேட்பது?

உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'வீட்டுக்கு வரும் வலி நிவாரண நர்ஸ்' என்று கேளுங்கள். மாத்திரை கொடுக்க வரும் தன்னார்வலரிடம் கேட்டாலும் போதும். 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் விசாரிக்கலாம். மார்ஃபின் தேவைப்பட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வலி நிவாரணப் பிரிவைக் கேளுங்கள். வேலூர் சி.எம்.சி-யில் தனிப் பிரிவு இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரைகளின் சீட்டு, இவற்றின் நகல் கையில் இருந்தால், நோயாளியை அலைக்கழிக்காமலே பல நேரங்களில் வேலை முடிந்துவிடும்.

'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று எந்த டாக்டராவது சொன்னால், அங்கேயே நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: "வலி வந்தா என்ன சார் கொடுக்கணும்? யாரைக் கூப்பிடணும்?" நாங்கள் கேட்கவில்லை. 22 நாள் போய்விட்டது.

நர்ஸ் முதலில் வந்த நாளில் இருந்து 41-வது நாள் விடிகாலை தாத்தா இறந்தார். முந்தின நாள் சாயங்காலத்தில் இருந்தே மூச்சில் கரகரவென்று சத்தம். அது வரும், அவருக்கு அதனால் கஷ்டம் இருக்காது, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்ததால், யாரும் ஆம்புலன்ஸுக்கு ஓடவில்லை. நான் சென்னையில் இருந்து வந்து சேர்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொடி வாங்கி அனுப்பியதற்கு மன்னிப்பு கேட்டேன். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து நர்ஸ் மறுபடி வந்தார். துக்கம் விசாரிக்க மட்டும் இல்லை. அம்மா தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று பார்க்கவும்தான். இதுவும் அவர்கள் வேலையில் சேர்த்தியாம். மீதியிருந்த மார்ஃபின் மாத்திரைகளை அம்மா எண்ணி ஒப்படைத்தார். இரவல் வாங்கியிருந்த காற்றுப் படுக்கையையும் துடைத்து மடித்து வைத்திருந்தார்.

அது அன்றைக்கே மேலத்தெருவில் பக்கவாதத்தில் படுத்திருந்த ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போனது. மோட்டாரை எப்படிப் போடுவது, காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுக்க நர்ஸோடு அம்மாவும் கூடவே போனார்.